ஜெயமணி சொன்ன முடிவுகள்

நான் கடைசியாக வேலை பார்த்த இரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் இப்போது நாற்காலிக்கு ஒரு திரை பொருத்திவிட்டார்கள். நாற்காலியின் பக்கத்திலிருந்து வளைந்து வரும் கம்பியின் நுனியில், சின்னப் புத்தகம் அளவுக்கு ஒரு திரை. காதில் மாட்டிக்கொள்ள இயர்போன். போன மாதம் அதைத் தொடக்கிவைத்தபோது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இனிமே ரிமோட்டுக்குச் சண்டையே இல்லக்கா. அவங்கவங்க நாடகம் அவங்கவங்களுக்கு" என்றாள் பிரியா. நான் ஓய்வு பெறும் சமயத்தில் புதிதாகச் சேர்ந்த தாதி அவள். இப்போது காலை ஷிப்டுக்கு அவள்தான் பொறுப்பு.

நல்ல ஏற்பாடுதான். நான்கு மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் படுத்திருக்கிறவர்கள் தங்களுக்குப் பிடித்ததைப் பார்க்கட்டுமே. ஆனாலும் அந்த அறையைச் சுற்றி வந்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் ஒரு அம்மாள் திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். காதில் மாட்டியிருந்தார், கேட்டிருக்காது.

"அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சுனு எழுதிக் குடுங்கக்கா. ஆண்டு மலர்ல போடலாம்" என்று பிரியா கேட்டுக்கொண்டாள். எழுத உட்கார்ந்தால் இயந்திரங்களைப் பற்றி எழுத வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த அந்த ஒரே தொலைக்காட்சியும் அதற்குக் கீழே படுத்திருந்தவர்களும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

பயிற்சிக் காலத்தையும், அரசாங்க மருத்துவமனைகளில் வார்டு வார்டாகச் சுற்றியதையும் இங்கே சொல்லப்போவதில்லை. எல்லாத் தாதியர் கதையும் அதுவரைக்கும் ஒன்றுதான். என் கணவர் காலமான பிறகு, ராத்திரி வேலை பார்க்க மனமில்லாமல், கோலா சிலாங்கூரில் ஓர் அறநிறுவனம் நடத்திய இந்த மையத்தில் வந்து சேர்ந்தேன். இரண்டு கடைவீடுகளின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிய இடம். புக்கிட் ரோத்தான், கம்போங் குவாந்தான், தஞ்சோங் காராங் பக்கமிருந்தெல்லாம் எங்கள் வேன் ஆட்களை ஏற்றி வரும். சபாக்கிலிருந்துகூட ஒருவர் மகனுடைய காரில் வந்துகொண்டிருந்தார்.

அங்கே எனக்கு மேலதிகாரி சிஸ்டர் லிம். அவருடைய அப்பா ஒரு தோட்டத்து முகப்பில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் சிஸ்டருக்குத் தமிழ் தெரியும். அதுவும் தோட்டத்து லயங்களில் பேசுகிற தமிழ். மரியாதைப் பன்மை கிடையாது. டாக்டரைத் தவிர எல்லாரும் அவருக்கு "நீ"தான். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

முதல் நாள் என் கையைப் பிடித்து ஒரு நோயாளியின் முன்கையில் வைத்தார். "கண்ணை மூடு. என்ன தெரியுது?" என்றார். பூனை உறுமுகிற மாதிரி உள்ளங்கைக்கு அடியில் ஓர் அதிர்வு ஓடியது. சிரையையும் தமனியையும் இணைத்துத் தைத்த இடம் அது. அந்த உறுமல் இருந்தால் ஊசி போடலாம். இல்லையென்றால் ஊசிப் பெட்டியைத் திறக்கவே கூடாது. "முதல்ல தொடு. அப்பறம் கேளு. அப்பறம் பாரு. ஊசி கடைசி" என்றார் சிஸ்டர். அதற்குப் பிறகு அந்த வரிசையை நான் மாற்றியதே இல்லை.

எடை பார்ப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. செருப்பைக் கழற்றி, பையில் இருப்பதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். போன தடவையைவிட எடை கூடியிருந்தால் நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சிஸ்டர் திட்ட மாட்டார். எடைக் கருவியைப் பார்ப்பார், ஆளின் முகத்தைப் பார்ப்பார், மறுபடியும் எடைக் கருவியைப் பார்ப்பார். "மோர்தான் சிஸ்டர், ஒரே ஒரு கிளாஸ்" என்று அவர்களே ஒப்புக்கொண்டுவிடுவார்கள்.

ரிமோட் எப்போதும் சிஸ்டரின் சட்டைப் பையில்தான். யாருக்காவது ஊசி ஏற்றுகிற நேரத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்திவிடுவார். "ஊசி போறப்ப நாடகமும் வாய மூடணும்" என்பார். கடைசி ஆளுக்கும் ஊசி ஏறி, எல்லா இயந்திரங்களும் ஓட ஆரம்பித்த பிறகுதான் சத்தம் வரும். எங்கள் அறையில் காலை உண்மையில் அப்போதுதான் தொடங்கும்.

அந்த நேரத்தில் முந்தின இரவு வந்த தொடரை மறுபடி போடுவார்கள். இரவே வீட்டில் பார்த்துவிட்டவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. இது ஜெயமணி போட்ட சட்டம். மீறியவரோடு அன்று முழுக்க அவர் பேச மாட்டார். அந்தத் தண்டனைக்கு எல்லாரும் பயந்தார்கள்.

ஜெயமணி என்னைவிட வயதில் மூத்தவர். நான் "ஜெயக்கா" என்று கூப்பிடுவேன், அவர், தாதியைக் கூப்பிடும் வழக்கப்படி, எல்லாரையும் போல என்னை "மிஸ்ஸி" என்பார். புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவர். தோட்டத்தை விட்டு வந்து ஒரு மலிவுவிலை வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகன் சேகர் ஜொகூரில் வேலையாக இருந்தான். ஜெயமணிக்குத் தொண்டை கனத்த தொண்டை. மூன்று நிரை தள்ளி இருக்கிற ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல். அதை அவர் அறைக்குள் அடக்கியதே இல்லை.

தொடர்களின் முடிவுகளைப் பற்றி அவருக்கு ஒரே கருத்துதான். "கதைனா முடிஞ்சிருக்கணும் மிஸ்ஸி. பாதியில விட்டுட்டுப் போனா நாம வீட்டுக்குப் போயி எப்படி ஒல வைக்கிறது? அந்தப் பொம்பள என்னா ஆனாளோனே நெனப்பு இருக்கும்."

ஜன்னல் ஓரத்தில் இருந்த அவருக்கு எதிர் நாற்காலியில் அருளம்பலம் மாஸ்டர். யாழ்ப்பாணக் குடும்பம், தாத்தா காலத்தில் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக வந்தவர்கள். இவர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். உலகமே புகழ்ந்த ஆங்கிலத் தொடர்களையெல்லாம் வீட்டில் பேரன் போட்டுக்காட்டப் பார்த்துவிட்டு வருவார்.

"நல்ல நாடகம் எண்டால் எல்லாத்தையும் சொல்லக் கூடாது, பிள்ளை. பாக்கிறவனுக்கும் கொஞ்சம் வேலை வைக்க வேணும்" என்பார்.

"நாந்தான் காலமெல்லாம் வேல செஞ்சுட்டு வந்து ஒக்காந்திருக்கேனே மாஸ்டர். இன்னும் என்னா வேல?" என்பார் ஜெயமணி. அறையே சிரிக்கும். சிரிப்பில் யாராவது கையை ஆட்டிவிட்டால் இயந்திரம் கத்தும். நான் ஓடுவேன்.

பிடிக்காத முடிவு வந்துவிட்டால் ஜெயமணி சும்மா விட மாட்டார். அவரே வேறொரு முடிவு சொல்வார். மாமியார் திருந்த மாட்டாள், மருமகள் தனிக்குடித்தனம் போய்விடுவாள், ஆனால் தீபாவளிக்கு மட்டும் வந்து முறுக்குச் சுட்டுக் கொடுத்துவிட்டுப் போவாள் என்கிற மாதிரி. இப்படி ஒன்று சொல்லிவிட்டு, "இதுதான் நடக்கும். மத்ததெல்லாம் சும்மா" என்று தலையணையில் சாய்ந்துகொள்வார். தமிழ் தெரியாத பாக் மாட் என்கிற மீனவர், திரையின் அடியில் ஓடும் மலாய் எழுத்துகளை வாசித்துக் கதையைப் புரிந்துகொள்கிறவர், "காக் ஜெயா என்ன சொன்னார்?" என்று, ஜெயமணியை மலாயில் அக்கா என்றே அழைத்து, என்னிடம் கேட்பார். மொழிபெயர்த்துச் சொல்லுவேன். பெரும்பாலும் ஜெயமணியின் முடிவுதான் அவருக்குப் பிடிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் நம் நாட்டிலேயே எடுத்த ஒரு தொடர் வந்தது. பெயரைச் சொல்லவில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்திரிகைகளெல்லாம் புகழ்ந்தன. ஆற்றுமுகத்தில் ஒரு வீடு. கணவன் கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. அவள் சாப்பாட்டுக் கடை போட்டுப் பிள்ளைகளை வளர்க்கிறாள். மாஸ்டரும் ஜெயமணியும் சேர்ந்து பாராட்டிய ஒரே தொடர் அதுதான். அந்தப் பெண் அடுப்பை ஊதுகிற விதத்தைப் பார்த்துவிட்டு, "இவ நெசமாவே ஊதறா" என்றார் ஜெயமணி. அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடமிருந்து வந்து நான் கேட்டதில்லை.

தொடர் பாதிக்குமேல் போயிருக்கும். ஒரு காலையில் புது நோயாளி ஒருவரை மூலை நாற்காலிக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். மெலிந்த ஆள். கெர்லிங்கில் இருந்தவர், மனைவி இறந்து, உடம்புக்கும் முடியாமல் போக, கம்போங் குவாந்தானில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வீட்டோடு வந்துவிட்டார். மகள் கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனாள். கிருமி பயத்தால் சொந்தக்காரர்களை உள்ளே விட மாட்டோம்.

ஜெயமணியின் இயந்திரம் கத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஊசி சரியாகத்தான் இருந்தது, கைதான் முஷ்டி மடக்கி இறுகியிருந்தது.

"மூலையில வச்சிருக்கீங்களே மிஸ்ஸி, அந்த ஆளு பேரு ராஜுவா?"

ஒரு நோயாளியின் விவரத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. "கைய லூசா வைங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அது போதும். போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். அன்று நாடகம் பார்க்கவில்லை. இயந்திரத்திலிருந்து இறக்கி, ஊசி குத்திய இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் மெதுவாகச் சொன்னார். அந்தக் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

"அந்த ஆளுதான் மிஸ்ஸி எம்புருஷன். தோட்டத்துல லோரி ஓட்டுச்சு. சேகரு தவழ்ந்துக்கிட்டிருந்தான். கெர்லிங்குக்குப் பழம் ஏத்தப் போன எடத்துல ஒருத்திய சேத்துக்கிட்டு அங்கயே நின்னுருச்சு."

அடுத்த முறை வேனில் ஜெயமணி வரவில்லை. உடம்பு சரியில்லையாம் என்றார் வேன் ஓட்டும் மணியம். அதற்கடுத்த முறையும் வரவில்லை. சிறுநீரகம் வேலை செய்யாத ஒருவர் வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் படுத்தே ஆக வேண்டும். ஒருமுறை விட்டாலே உடம்பில் நீர் தேங்கும், தொடர்ந்து விட்டால் நெஞ்சு அடைக்கும். நான் நடந்ததைச் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "வேன் எடுத்துக்கிட்டு நீ போ. கூட்டிக்கிட்டுத்தான் வரணும்" என்றார். 

கதவு திறந்தே கிடந்தது. ஜெயமணி முன்னறையில் தலையணைகளை அடுக்கி, நிமிர்ந்த வாக்கில் சாய்ந்திருந்தார். கணுக்கால் வீங்கிப் பளபளத்தது. பேச்சு ஒரே மூச்சில் வரவில்லை.

"செத்தா... சாவறேன் மிஸ்ஸி. அந்த ஆளு முன்னாடி... கைய நீட்டிப் படுத்துக் கெடக்க மாட்டேன்."

"சேகருக்கு என்னா சொல்றது அக்கா?"

"அவங்கிட்ட சொல்லாதீங்க."

"நீங்க இப்ப என்கூட வந்தா சொல்ல மாட்டேன். இல்லைனா இங்கேருந்தே போன் போடுவேன்."

என்னை முறைத்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கட்டியிருந்த பழைய கைலியைக் குனிந்து பார்த்தார். "இரு, சேல மாத்திக்கிட்டு வரேன்" என்றார். என்னை ஒருமையில் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

சிஸ்டர் அதற்குள் டாக்டரிடம் பேசி, ஒரு நாற்காலியைத் தயார்செய்து வைத்திருந்தார். ஆக்சிஜன் மாட்டி, அவரே தொட்டு, கேட்டு, பார்த்து, ஊசி ஏற்றினார். இரத்தம் குழாய்களில் ஓடத் தொடங்கியதும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம்.

"ஜெயமணி. மத்தியானத்துல ஒருத்தன் காலைக்கு மாத்திக்க ஒத்துக்கிட்டான். மூலையில இருக்கறவன மாத்தவா, ஒன்ன மாத்தவா? மெஷினுக்குப் புருஷன் பொண்டாட்டி தெரியாது. எது வேணும்னு மட்டும் சொல்லு."

ஜெயமணியின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முகமூடியை நகர்த்திவிட்டுப் பேசினார்.

"யாரையும் மாத்த வேணாம் சிஸ்டர். தோட்டத்துல எல்லாரும் என்னையத்தான் கேட்டாங்க, ஒம்புருஷன் எங்கனு. பதில் சொல்ல முடியாம நாந்தான் எடம் மாறி வந்தேன். கோயில் திருவிழாவுக்குக்கூடப் போறதில்ல. இந்த நாற்காலிய உட்டு நான் போக மாட்டேன். அந்த ஆளும் கெடக்கட்டும். முடியாமத்தானே வந்திருக்கு."

"சரி" என்று சிஸ்டர் எழுந்துவிட்டார். அவர் பேசிய மொத்தமும் அவ்வளவுதான்.

ராஜுவும் ஜெயமணியைப் பார்த்துவிட்டிருந்தார். அடுத்த முறை நான் அவர் கையில் அதிர்வைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டார். "மிஸ்ஸி, ஜன்னல் பக்கம் இருக்கறவங்களுக்குத் தொந்தரவுனா நான் வேற எடம் பாத்துக்கறேன்."

"அவங்க இருக்கச் சொல்லிட்டாங்க அண்ணே."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசி ஏற்றியபோதுகூட முகம் திரும்பவில்லை.

இந்த விஷயம் எனக்கும் சிஸ்டருக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் மூலையில் படுத்திருக்கும் பேசாத ஓர் ஆள், அவ்வளவுதான்.

ஆற்றுமுகத் தொடரின் கடைசிப் பகுதி வந்த காலையில் பாக் மாட் காய்ச்சலோடு வந்திருந்தார். சிஸ்டர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்தார், முடிவைப் பார்க்க வேண்டுமென்று அவர் கெஞ்சி இருந்துவிட்டார். கதையில் அந்தப் பெண் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுத் தனியாக இருக்கிறாள். மழை. கதவு தட்டப்படுகிறது. வெளியே வயதாகி, நோய்ப்பட்டு, அவன் நிற்கிறான். அவள் எழுந்து வருகிறாள், தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். முடிந்துவிட்டது. திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

 எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"மச்சாம் து சாஜா?" என்றார் பாக் மாட், இவ்வளவுதானா என்று.

"இதுக்கா இத்தன மாசம் பாத்தோம்? ஏமாத்திட்டாங்க லா!" என்றார் இன்னொருவர்.

மாஸ்டரின் முகம் மலர்ந்திருந்தது. "இதுதான் முடிவு. இதுக்கு மேல ஒரு அடி போயிருந்தால் நாடகம் கெட்டுப்போயிருக்கும். திறந்தாளோ இல்லையோ, அது அவளின்ர வீடு. நாங்கள் ஆர் கேக்கிறதுக்கு?"

எல்லாரும் ஜெயமணியைப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் ஒரு முடிவு சொல்லியிருக்க வேண்டும். அவர் ஓடுகிற பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெறக்க மாட்டா" என்று மூலையிலிருந்து குரல் வந்தது.

அறை முழுவதும் திரும்பியது. ராஜு பேசி அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தெறக்கக் கூடாது. அவன் என்னா கொண்டாந்தான்? சீக்கக் கொண்டாந்தான். நல்லா இருந்தப்ப எங்க போனான்?"

நான் ஜெயமணியின் இயந்திரத்தருகே போய் நின்றுகொண்டேன். சிஸ்டரும் கையில் இருந்த வேலையை நிறுத்தியிருந்தார். ஜெயமணி மூலைப்பக்கம் திரும்பவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்தே சொன்னார்.

"தெறப்பா. ஒரு வாய் தண்ணி குடுப்பா. மழையில வந்த ஆளுக்கு யாரா இருந்தாலும் குடுக்கத்தான் செய்வாங்க. ஆனா உள்ள உட மாட்டா. வாசல்லயே நிக்க வச்சு, ஏன் போனேனு கேப்பா. அவன் சொல்ற வரைக்கும் கேப்பா. இதுதான் நடக்கும். மத்ததெல்லாம் சும்மா."

"அவங்கிட்ட பதில் இருக்காது" என்றார் ராஜு.

"இல்லைனா இல்லைனு சொல்லட்டும். அதயாவது சொல்லட்டும்."

"இல்ல" என்றார் ராஜு.

விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் மூலையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஒற்றைக் கையால் துடைப்பது சுலபமில்லை, ஆனால் வெகுநேரம் துடைத்தார். சிஸ்டர், "பேசுனது போதும், பிரஷர் ஏறும்" என்று சொல்லிச் சேனலை மாற்றினார்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்களா என்றால், பேசிக்கொள்ளவே இல்லை. வணக்கம்கூடச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தொடருக்கும் இருவருக்கும் கருத்து இருந்தது. ராஜு திரையைப் பார்த்துச் சொல்வார், ஜெயமணி திரையைப் பார்த்துப் பதில் சொல்வார். அடிக்கடி சண்டைதான். திரும்பி வருகிற எந்தக் கதாநாயகனையும் ஜெயமணி சுலபத்தில் விட்டதில்லை. ராஜு ஒருநாளும் அவர்கள் பக்கம் பேசியதில்லை.

ஒரு நாள் ஏதோ ஒரு சாதாரணத் தொடர். மகனின் கல்யாணத்துக்கு அப்பாவை அழைக்கவில்லை. அவர் கோயிலுக்கு வெளியே மரத்தடியில் நிற்கிறார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜு திரையிடமே கேட்டார்.

"அந்தப் பையன் என்னா வேல செய்யறான்?"

யாருக்கும் தெரியவில்லை. கதையில் அது வரவில்லை.

"கப்பல் கட்டற எடத்துல வெல்டிங் வேல" என்றார் ஜெயமணி. "ஜொகூரு பாசீர் கூடாங்ல. கல்யாணம் ஆயிருச்சு. ஆணு ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. மூத்தது ஸ்கூலுக்குப் போகுது."

"இந்த நாடகத்துல பாசீர் கூடாங் எங்க வந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார். "இப்பத்தானே கல்யாணமே நடக்குது?"

"நாங்கள் பாக்காத எபிசோட்டில வந்திருக்கும்" என்றார் மாஸ்டர், சட்டென்று. "நீர் பேசாமப் பாரும்."

 நான் இரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது ராஜுவின் கண்ணோரம் ஈரம் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் ஊசி, இன்னொன்றில் அழுத்தப் பட்டை. துடைக்க முடியாது. நான் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனேன்.

அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. வேலை கடுமைதான், முதுகு ஒடியும். ஆனால் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, இன்றைக்கு என்ன சொல்லப்போகிறார்கள் என்று ஒரு ஆவல் இருக்கும். வீட்டில் எனக்குப் பேச ஆளில்லை. அந்த அறையில் பேச்சு நிறைய இருந்தது, என்னுடையதையும் சேர்த்து. எந்தத் தொடர் எப்படி முடிந்தது என்பது மறந்துவிட்டது. ஜெயமணி அதை எப்படி முடித்தார் என்பதெல்லாம் நினைவில் இருக்கிறது.

ராஜு இருதயம் நின்று, வீட்டில் தூக்கத்திலேயே இறந்துபோனார். எங்கள் மையத்தில் ஒருவர் இறந்தால் அறிவிப்பதில்லை. நாற்காலியைத் துடைப்போம், காத்திருப்போர் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடுவோம். அது தாதியின் வேலை. அன்று மூலை நாற்காலியைச் சிஸ்டர் லிம் தானே துடைத்தார். மெதுவாகத் துடைத்தார். ஜெயமணி அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.  நாடகம் தொடங்கியபோது கண்ணை மூடிக்கொண்டார்.

கருமக்கிரியை முடிந்த பிறகு ராஜுவின் மகள் கவிதா வந்தாள். எங்களுக்கு நன்றி சொல்ல தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்கள் கொண்டுவந்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாங்கிக்கொண்டேன். அவள் போகாமல் நின்றாள்.

"மிஸ்ஸி, ஒண்ணு கேக்கணும். அப்பா வீட்ல நாடகமே பாக்க மாட்டாரு. டிவி போட்டாலே எழுந்து போயிருவாரு. ஆனா இங்கேருந்து வந்த அன்னைக்கு மட்டும் சாப்பிடும்போது பேசிக்கிட்டே இருப்பாரு. இங்க ஒரு அம்மா இன்னைக்கு இப்படி முடிச்சாங்க, அப்படி முடிச்சாங்கனு. கதையச் சொல்ல மாட்டாரு, அந்த அம்மா சொன்னத மட்டுந்தான் சொல்லுவாரு. அவங்கள ஒரு தடவ பாக்க முடியுமா?"

நான் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கவிதாவைக் கைகழுவச் சொல்லி, மேலங்கி ஒன்றைக் கொடுத்து உள்ளே விட்டார். சொந்தக்காரர் ஒருவரை அவர் உள்ளே விட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஆனால் யாரிடம் போ என்று அவளுக்குச் சொல்லவில்லை. அவள் நாற்காலி நாற்காலியாகப் பார்த்துக்கொண்டு வந்து, ஜன்னல் ஓரத்தில் நின்றாள்.

"ஆண்ட்டி, நீங்கதானா எங்கப்பா சொன்ன அம்மா? ராஜு, மூலையில இருந்தாரே."

ஜெயமணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். நேரமெடுத்துப் பார்த்தார்.

"இல்லம்மா. அவங்க மத்தியானத்துக்கு மாறிட்டாங்க."

"அப்படியா?" அவள் முகம் வாடியது. "பாத்தீங்கன்னா சொல்லுங்க ஆண்ட்டி. அவங்க பேசுனதாலதான் அப்பா இங்க வந்தாரு. மொத மொத வந்துட்டு, இனிமே போகமாட்டேனு ஒரே அடம். அப்பறம் அவரே வேனுக்கு முன்னாடி போய் நிப்பாரு."

"சொல்லிடறேன்."

"தேங்க்ஸ் ஆண்ட்டி."

"கடைசியில கஷ்டப்பட்டாரா?"

"இல்ல ஆண்ட்டி. தூங்குன மாதிரிதான் இருந்தாரு."

"சாப்ட்டியாம்மா நீ?"

"போயித்தான்."

"நேரத்துக்குச் சாப்புடு. ஒல்லியா இருக்க."

கவிதா தலையாட்டிவிட்டுப் போனாள். கண்ணாடிக் கதவு மூடுகிற வரைக்கும் ஜெயமணி பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் குழாய்களைச் சரிபார்க்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன்.

"மூக்கப் பாத்தீங்களா மிஸ்ஸி?" என்றார். "அப்படியே அவரு மூக்கு. சேகருக்கும் அதே மூக்குதான்."

அதுவரை என்னிடம் பேசும்போதெல்லாம் ராஜு அவருக்கு "அந்த ஆளு"தான்.

பிறகு உடம்பு தளர்ந்து ஜெயமணி மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார். அங்கேயும் நாற்காலிக்கு ஒரு திரை. "காதுல மாட்டிக்கிட்டு யாருகிட்ட மிஸ்ஸி பேசறது?" என்று போனில் அலுத்துக்கொண்டார். மாதத்துக்கு ஒருமுறையாவது கூப்பிடுவார். போன வருடம் அதே எண்ணிலிருந்து சேகர் கூப்பிட்டான். குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

போன வாரம் ஒரு தொடர் முடிந்தது. அருமையான முடிவு என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பெண் அப்படி மன்னித்திருக்க மாட்டாள். ஏன் மாட்டாள் என்று சொல்ல ஆரம்பித்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, சமையலறை விளக்கைப் போடும் வரைக்கும் பேசிக்கொண்டே போய்விட்டேன். ஜெயமணி இருந்திருந்தால் பாதியிலேயே மறித்திருப்பார்.